தண்ணீர் ஊற்றாதே என்றேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்ச் மாதம். பெங்களூரு ஜோகுபாளையத்தில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டைச் சரிசெய்துகொண்டிருந்தோம். நானும் என் கணவரும் பதினாறு வருடமாக வாடகை வீடுகளில் இருந்து அலுத்துப்போய், கடைசியில் வாங்கிய சின்ன வீடு அது. முன்னால் இருந்தவர்கள் சுவர் முழுக்க சிமெண்ட் பூசி வைத்திருந்தார்கள். ஈரம் உள்ளே தங்கி, பெயிண்ட் எல்லாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

மேஸ்திரி ஆஸ்டின் டவுன்காரர். அவருடைய தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். அவர் ஒரு மூலையில் சிமெண்டைச் சுரண்டிக் காட்டினார். அடியில் பழைய சுண்ணாம்புப் பூச்சு வழவழவென்று அப்படியே இருந்தது.

"இதுக்கு மேல சிமெண்ட் போட்டதுதான் தப்பு மேடம். சுண்ணாம்பே பூசிடலாம். ஆனா ஜல்தி ஆகாது. பொறுமை வேணும்" என்றார்.

எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது. காரணம் இருக்கிறது. நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள். பார்க்கிற வேலை சாஃப்ட்வேர் கம்பெனியில், படிப்புக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இத்தனை வருடம் கழித்து நான் படித்தது ஒரு வேலைக்கு ஆகிறதே என்று உற்சாகம் வந்துவிட்டது. சுண்ணாம்பைப் பற்றி ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்தேன், கட்டுரைகள் படித்தேன். பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதையே பேசினேன். என் கணவர் ஒரு கட்டத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

கேட்க ஆள் கிடைத்தது வேலை நடக்கும் இடத்தில்தான். மேஸ்திரியோடு சித்தாள் வேலைக்கு அக்கா, தங்கை என்று இரண்டு பெண்கள் வந்தார்கள். திருவண்ணாமலைப் பக்கம் ஊர். அல்சூரில் ஒரு ஒற்றை அறையில் குடும்பத்தோடு இருந்தார்கள். அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டாள். தங்கைக்கு இருபத்தாறு இருபத்தேழு. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள்.

சுண்ணாம்பு மூட்டை வந்து இறங்கிய அன்று டீ நேரத்தில் நான் ஒரு கட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பாடமே எடுத்தேன். பெங்களூரில் எங்கே தோண்டினாலும் கருங்கல்தான் வரும், இது வேறு ஊரிலிருந்து லாரியில் வருகிற கல். கோடிக்கணக்கான வருடத்துக்கு முன்னால் அந்த இடம் கடலாக இருந்தது. சிப்பியும் நத்தையும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளும் செத்துச் செத்து, அதன் ஓடுகள் கடலின் அடியில் போய்ப் படிந்தன. ஒரு படிவின் மேல் இன்னொரு படிவு. மேலே ஏற ஏற அந்தப் பாரத்தில் கீழே இருந்தது இறுகிக் கல்லாகிவிட்டது. அப்புறம் கடல் விலகிவிட்டது. அந்தச் சுண்ணாம்புக் கல்லைத்தான் வெட்டி, சூளையில் சுட்டு நமக்கு அனுப்புகிறார்கள். நம் சமையல் மேடையில் இருக்கிற கடப்பா கல்லும் இதே மாதிரி அடுக்கடுக்காகப் படிந்து உண்டானதுதான். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுவரில் பூசினால், சூளையில் இழந்ததைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும்.

தங்கை வாயைப் பிளந்து கேட்டாள். அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே, "கடல்ல இருந்து வந்ததா? அதான் இந்த அரி அரிக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்துவிட்டு, அது கடல் உப்பினால் வருகிற அரிப்பு இல்லை, சுண்ணாம்பின் காரத்தினால் வருவது என்று அவளைத் திருத்தினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு சுட்ட சுண்ணாம்புக் கட்டியை இரும்புச் சட்டியில் போட்டு, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். புஸ்ஸென்று ஆவி எழும்பி, கட்டி வெடித்துப் பொடிந்து கொதித்தது. "பாத்தீங்களா, தண்ணி பட்டா எப்படிக் கொதிக்குதுன்னு. கை வெச்சா வெந்துடும். ஜாக்கிரதையா இருங்க" என்றேன். அவர்களுக்கு நல்லது சொல்லிவிட்டேன் என்ற திருப்தி எனக்கு.

கையுறை வாங்கிக் கொடுத்தேன். மூக்குக்கு மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். கண்ணுக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றவே இல்லை.

சுண்ணாம்பைக் குழியில் கொட்டி மூன்று வாரம் தண்ணீரில் ஊறவைத்தார்கள். அந்த வருடம் பெங்களூரில் தண்ணீர் படாத பாடு படுத்தியது. எங்கள் தெருவில் போர்வெல் வற்றிவிட்டது. டேங்கருக்குச் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். ஆனாலும் வேலை நிற்கக் கூடாது என்று நான் விடாமல் போன் செய்து வரவழைத்துவிடுவேன். சம்பவம் நடந்த அன்று காலையில்கூட டேங்கர் வந்து, வாசலில் இருந்த இரண்டு பெரிய டிரம்மும் நிரம்பி நின்றன. இதை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன்.

அன்று எனக்கு வீட்டிலிருந்து வேலை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய் உட்கார்ந்திருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். மேஸ்திரி ஏணி மேல் நின்று கூரையை ஒட்டிய பகுதியைப் பூசிக்கொண்டிருந்தார். கீழே தங்கை சட்டியை நீட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். சுவரில் அறைந்த சுண்ணாம்பு ஒரு கட்டியாகப் பிடி விட்டு நழுவி, நேராக அவள் வலது கண்ணில் விழுந்தது.

சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. சட்டி கீழே விழுந்த ஓசைதான் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள். மேஸ்திரி ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டே, "தண்ணி, தண்ணி கொண்டா" என்றார். அதற்குள் அக்கா வாசலுக்கு ஓடி, டிரம்மில் பக்கெட்டை முக்கித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சொம்பில் தண்ணீரும் எடுத்துவிட்டாள்.

நான்தான் நடுவில் போய் அவள் கையைப் பிடித்தேன்.

"தண்ணி ஊத்தாத. சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்கும். கண்ணு வெந்துடும்."

அவள் சொம்பைக் கீழே விடாமல் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "மேடம், அது தண்ணியிலயேதான கெடந்துச்சு."

அவள் சொன்னது அவ்வளவுதான். அதில் எல்லாமே இருந்தது. மூன்று வாரம் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு அது. கொதிக்க வேண்டிய கொதியெல்லாம் குழியிலேயே முடிந்துவிட்டது. இனித் தண்ணீர் பட்டால் கொதிக்காது. இது எனக்குத் தெரியாத விஷயமா? பரீட்சையில் சமன்பாட்டோடு எழுதியவள் நான். ஆனால் அந்த நேரத்தில் என் மண்டையில் இருந்தது சட்டியில் நான் கொதிக்கவைத்துக் காட்டிய அந்தக் கட்டி மட்டும்தான்.

"உனக்குத் தெரியாது. நான் இதப் படிச்சிருக்கேன். பக்கெட்ட கீழ வை" என்றேன்.

அவள் கீழே வைத்தாள். மேஸ்திரியும் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்காரம்மா, படித்தவள் சொல்லிவிட்டாள்.

என் துப்பட்டாவை மடித்துத் தங்கையின் கண்ணில் வைத்து, தேய்க்காதே என்று சொல்லி, வாசலில் போன ஆட்டோவை நிறுத்தினேன். அக்காவும் ஏறிக்கொண்டாள். கண் ஆஸ்பத்திரி சாதாரணமாகப் பதினைந்து நிமிடம். அன்று ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஏதோ வேலை நடந்துகொண்டிருந்தது. வண்டிகள் நகரவே இல்லை. அந்தப் பெண் என் தோளில் சாய்ந்து, "எரியுது மேடம், எரியுது மேடம்" என்று ஒரே மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். என் விரலை அவள் பிடித்திருந்த பிடி, நகம் பதிந்துவிட்டது.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். உடனே தன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பின்னால் நீட்டினார். "மொதலு நீரு ஹாக்கி மேடம்" என்றார். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள் என்று கன்னடத்தில் சொல்கிறார். நான், "பேடா அண்ணா, கெமிக்கல் அது" என்று மறுத்துப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் அக்கா அந்தப் பாட்டில் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த நர்ஸ், சுண்ணாம்பு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவளை இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கவைத்து, கண்ணில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். முதலில் குழாய்த் தண்ணீர், பிறகு சலைன். ஒரு பாட்டில், இரண்டு, மூன்று. நடுநடுவே ஒரு காகிதத்தைக் கண்ணோரம் தொட்டு, காரம் போய்விட்டதா என்று நிறம் பார்த்தார்கள். இமையைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த வெள்ளைத் துணுக்குகளைப் பஞ்சால் எடுத்தார்கள். நான் சுவரோரம் நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் பாட்டில் காலியாகும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். இளம் வயதுப் பெண், தமிழ் பேசினார்.

"எத்தனை மணிக்கு விழுந்தது?"

"மூணு மணி டாக்டர்."

"உடனே வாஷ் பண்ணீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

இந்த ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டி இத்தனை நாளாக யாரிடமும் சொன்னதில்லை. நான் ஊற்ற விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். பயத்தில் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "அங்க தண்ணி இல்ல டாக்டர்."

ஊரே டேங்கருக்குக் காத்திருந்த மாதம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். டாக்டரும் நம்பினார். நம்பியதால் கோபம் வந்தது. அந்தக் கோபம் என் பக்கம் திரும்பவில்லை. நான் சுத்தமான உடையில் நின்றிருந்தேன். அக்கா கை முழுக்கச் சுண்ணாம்போடு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள்.

"நீங்கதான கூட வேலை செய்யறது? தினமும் சுண்ணாம்புல கை வெக்கிறீங்க, இது தெரியாதா? பக்கத்து வீட்டுல ஒரு சொம்பு தண்ணி கேக்க முடியாதா? முதல் பத்து நிமிஷம்தான் கண்ணு. அதுல நீங்க ஊத்தற தண்ணிக்கு அப்புறம்தான் எங்க மருந்தெல்லாம்."

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள் அவள். சொம்பு அவள் கையில்தான் இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க டாக்டர்" என்றாள். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்க எவ்வளவு நேரம் வேண்டும்? டாக்டர் பேசி முடித்துப் போன பிறகும் அந்த இடத்தில் நாங்கள் இருவர் மட்டும் கொஞ்ச நேரம் நின்றோம். அப்போதும் நான் பேசவில்லை.

கண் போகவில்லை. ஆனால் கருவிழியில் வெண்மை படர்ந்துவிட்டது. இரண்டு ஆபரேஷன் ஆனது. செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் லீவ் போட்டுவிட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன். அல்சூரில் அவர்கள் இருந்த தெருவில் என்னைப் பற்றி நல்ல பேர். இந்தக் காலத்தில் யார் இப்படிப் பார்ப்பார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஜூலை மாதம், மழை நாள். தங்கையை உள்ளே பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அக்காவும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான்கு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்று சொன்னேன்.

"அன்னிக்கு டாக்டர்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் மேடம். பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன்."

"திட்டு நீ வாங்கின. ஏன் ஒண்ணும் சொல்லாம இருந்த?"

அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னான்னு சொல்றது? நீங்கதான ஆட்டோ புடிச்சீங்க, நீங்கதான சீட்டு எழுதனீங்க. அங்க எங்களுக்கு யாரத் தெரியும். நான் ஏதாவது சொல்லி, நீங்க கோவிச்சுக்கினு போயிட்டா அவ கண்ணுக்கு யாரு பாப்பாங்க?"

அவள் குரலில் கோபமே இல்லை. ஒரு கணக்கைப் போட்டு விடை சொல்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு, நான் கேட்காமலே, இன்னொன்றும் சொன்னாள். அவர்கள் அம்மா ஊரில் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற வேலை செய்தவராம். "கண்ணுல தெறிக்காத நாளே கெடையாது. தெறிச்ச உடனே தலையத் தொட்டித் தண்ணியில முக்கிடுவாங்க. முக்கி முக்கி எடுப்பாங்க. நாங்களும் அப்படித்தான். எங்க யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கெமிஸ்ட்ரி பாடம் எடுத்த அன்றைக்கும் தெரியும். பக்கெட்டோடு நின்றபோதும் தெரியும். நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

அன்றே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவளையும் உள்ளே அழைத்துக்கொண்டு போனேன். தண்ணீர் இருந்தது, ஊற்ற வேண்டாம் என்று தடுத்தது நான்தான், இவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அன்று யாரைத் திட்டினார் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. வெளியில் இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள்.

"எது விழுந்தாலும் முதல்ல தண்ணிதான் மேடம். சுட்ட சுண்ணாம்பே விழுந்தாலும் தண்ணிதான். நிறைய ஊத்தணும். மத்தவங்களுக்கும் சொல்லுங்க" என்றார். உடனே ஊற்றியிருந்தால் பார்வை முழுசாக இருந்திருக்குமா என்று கேட்டேன். அவர் தங்கையின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அதை இப்ப யாராலயும் சொல்ல முடியாது" என்று சீட்டில் எழுத ஆரம்பித்தார். இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். அதை எதிர்பார்த்துத்தான் கேட்டேன் என்பதும் எனக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "போலாம் மேடம். பஸ் போயிடும்" என்றாள். மன்னித்தாளா இல்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கிற தைரியமும் இல்லை.

தங்கை இப்போது கட்டட வேலைக்குப் போவதில்லை. ஒரு கண்ணில் மட்டும் தெளிவாகத் தெரிவதால் ஏணிப் படி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அல்சூரில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிறாள், பரிமாறுகிறாள். அந்த வேலை கிடைக்க நான் கொஞ்சம் சொல்லி வைத்தேன். மாதம் ஒரு தடவையாவது அங்கே போய்ச் சாப்பிடுவேன். தண்ணீர் ஊற்ற வரும்போது, ஜக்கின் மூக்கை டம்ளரின் விளிம்பில் ஒரு தரம் தொட்டு நிதானித்துவிட்டு, பிறகுதான் சாய்ப்பாள். வெளியில் சிந்திவிடக் கூடாது என்று. என்னிடம் சிரித்துத்தான் பேசுவாள். பழைய மாதிரி எல்லாவற்றுக்கும் சிரிக்கிறாளா என்று பார்ப்பேன். சில சமயம் அப்படித்தான் தோன்றும்.

அந்த வீட்டில்தான் இருக்கிறோம். மேஸ்திரி வேலையை முழுசாக முடித்துக் கொடுத்தார். கோடையில்கூட அறை குளுகுளுவென்று இருக்கிறது. வருகிறவர்கள் சுவரைத் தடவிப் பார்த்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார்கள். மேஸ்திரியின் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, வேலை செய்கிறவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் ஆரம்பிக்க விடாதீர்கள், பக்கத்திலேயே ஒரு டிரம் தண்ணீர் இருக்கட்டும் என்று மட்டும் சொல்வேன். கடலையும் சிப்பியையும் பற்றி எதுவும் சொல்வதில்லை.

என் தப்பு எங்கே ஆரம்பித்தது என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். பயத்தில் புத்தி தடுமாறியதை என்னால் ஒருவழியாக மன்னித்துக்கொள்ள முடிகிறது. அதற்குப் பிறகு டாக்டர் முன்னால் சொன்ன பொய்யை, என்னை நம்பித்தான் ஆக வேண்டியிருந்த ஒருத்தி என் முன்னாலேயே அதைச் சுமந்துகொண்டதை, என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆபீஸிலோ வீட்டிலோ நான் சொல்வதற்கு யாராவது மறுபேச்சு இல்லாமல் தலையாட்டினால் இப்போதெல்லாம் நான் சொன்னது சரி என்று எடுத்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு என்ன தெரிந்திருக்கிறதோ, என்னிடம் எதற்காகப் பேசாமல் இருக்கிறார்களோ என்றுதான் முதலில் மனம் பதறுகிறது.